இரவு 2 மணிக்கு எழுபவருக்கு ஒரு வீடு

போன இதழில் என் அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதை நாலு வரியில் எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை வரைந்தவள் நான். குளிக்கும் தண்ணீர் அறைக்குள் வந்துவிடக் கூடாது என்று வாசலில் 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு கல்லை வைக்கச் சொன்னவளும் நான்தான். இருபது வருஷம் அம்மா அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய்வந்தார். 79-வது வயதில் ஒரு ராத்திரி அவர் கால் அந்த 4 செ.மீ. உயரவில்லை.

32 வருஷம் வீடு வரைந்தே பிழைத்தவள் நான். திரும்பிப் பார்த்தால், அத்தனை வீடுகளையும் ஒரே ஆளுக்காகத்தான் வரைந்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் நடக்கிற ஆள். இரவு 2 மணிக்குப் பாதித் தூக்கத்தில், கண்ணாடியைத் தேட நேரமில்லாமல், அடக்க முடியாமல் எழுந்து போகிற ஆளை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இப்போது அவரைத் தவிர வேறு யாரையும் நினைப்பதில்லை.

வந்த கடிதங்கள் நிறைய. சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். பெயர்களை நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு 57 வயது, கணவருக்கு 61. ஓய்வுக்காலத்துக்கென்று புது வீடு கட்டப் போகிறோம். அஸ்திவாரம் இன்னும் போடவில்லை. இருவருக்கும் இப்போது எந்தக் குறையும் இல்லை. இப்போதே பிடித்துக்கொள்ளக் கம்பியும் ஏறச் சாய்தளமும் வைத்து வீட்டை ஆஸ்பத்திரி ஆக்க மனசில்லை. எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

கம்பியைத் தள்ளிப்போடலாம் அம்மா. கம்பியைத் தாங்கப் போகிற சுவரைத் தள்ளிப்போட முடியாது. எதைப் பின்னால் மாற்றினால் வீட்டை உடைக்க வேண்டி வருமோ, அதை மட்டும் இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அரை நாள் வேலை.

முதலில், ஒரு படுக்கையறையும் ஒரு முழு பாத்ரூமும் தரைத்தளத்தில் இருக்கட்டும். இப்போதைக்கு அதை விருந்தினர் அறை என்று சொல்லிக்கொள்ளுங்கள். மாடியில்தான் தூக்கம் வரும் என்றால் மாடியிலேயே படுங்கள். முழங்கால் மறுக்கிற நாளில் இறங்கி வர ஓர் இடம் இருந்தால் போதும். 'முழு' என்று சொன்னதைக் கவனியுங்கள். கீழே படுக்கையறை வைத்துவிட்டு, குளிக்கிற இடத்தை மாடியிலேயே விட்டுவிட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு நான் வரைந்தவை.

அடுத்து கதவு. அகலம் கேட்டால் எல்லோரும் நிலையின் அகலத்தைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது கதவைத் திறந்த பிறகு மிச்சமிருக்கிற இடைவெளி. கதவின் தடிமனும் கீலும் சேர்ந்து நாலைந்து செ.மீ. தின்றுவிடும். மிச்சம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 85, 90 இருந்தால் நிம்மதி. வாக்கர் பிடித்து நடப்பவரின் முழங்கை இடிக்காமல் போக அவ்வளவு வேண்டும். நாம் வழக்கமாகப் படுக்கையறைக் கதவை அகலமாக வைத்துவிட்டு, பாத்ரூம் கதவைக் குறுக்கிவிடுவோம். ஈரத்தில் வழுக்குகிற இடம் பாத்ரூம், அகலத்தைப் படுக்கையறையில் மட்டும் கொட்டி என்ன பயன்?

பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது. உள்ளே விழுந்தவர் பெரும்பாலும் கதவை அடைத்துக்கொண்டுதான் கிடப்பார். தள்ளினால் அவர் மேலேயே மோதும். வெளிப்பக்கம் திறக்கட்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் நகரட்டும். தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கிற வகையாக இருக்கட்டும். குமிழ்ப் பிடி வேண்டாம், நீளப் பிடி வையுங்கள். விரல் மூட்டு வலிக்கிறவர் அதை முழங்கையால்கூட அழுத்தித் திறந்துவிடுவார்.

பாத்ரூம் தரைதான் என் சொந்தப் பாவம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குளிக்கிற இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவில் படியோ கட்டையோ கல்லோ எதுவும் வேண்டாம். தண்ணீரை எது தடுக்கும் என்று கேட்பீர்கள். சரிவு தடுக்கும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் கொடுத்தால் தண்ணீர் வடிகாலைத் தேடி ஓடிவிடும். ஆனால் அந்த இறக்கத்துக்கு இடம் வேண்டுமென்றால் பாத்ரூம் பகுதியின் தளத்தை முதலிலேயே தாழ்த்திப் போட்டிருக்க வேண்டும். தளம் எல்லாம் ஒரே மட்டத்தில் முடிந்த பிறகு, டைல்ஸ் போடுகிற நாளில் யோசித்தால் என்ன ஆகும்? இறக்கத்துக்கு வழியில்லாமல் வாசலில் கல்லை வைப்பார்கள். என் வீட்டில் நடந்தது அதுதான். கல்லை வைத்தது கொத்தனார், ஆனால் அவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்தது என் வரைபடம். டைல்ஸ் வாங்கும்போது உலர்ந்த மாதிரியைத் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி ஈரக் காலால் மிதித்துப் பாருங்கள். சின்னச் சின்ன டைல்ஸ் என்றால் இடையில் உள்ள கோடுகள் நிறைய இருக்கும், அதுவே காலுக்கு ஒரு பிடிப்பு.

கமோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 40 முதல் 45 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போனால் சுவரில் உள்ள கம்பிக்குக் கை எட்டாது. நெருங்கினால் தோள் இடிக்கும். செங்கல் சுவரோ கான்கிரீட் சுவரோ என்றால் கம்பி எப்போது வேண்டுமானாலும் ஏறும். பலகை வைத்து அடைத்த சுவர் என்றால் உள்ளே தடித்த பிளைவுட்டைத் தரையிலிருந்து 70 முதல் 100 செ.மீ. உயரம் வரை சட்டத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டு, அப்புறம் மூடச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் ஓர் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்துத் துளை போட வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

மாடி வீடு என்றால் இன்னொரு தந்திரம். கீழேயும் மேலேயும் நேருக்கு நேராக, ஒன்றரை மீட்டர் நீளமும் அகலமும் உள்ள இரண்டு சாமான் அறைகள். நடுவில் உள்ள தளத்தைப் பின்னால் வெட்டி எடுக்கலாம் என்கிற மாதிரி கம்பி கட்டும்போதே இன்ஜினியரிடம் சொல்லிவையுங்கள். ஒருநாள் லிஃப்ட் தேவைப்பட்டால் இடம் தயார். தேவைப்படாமலே போனால் சாமான் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்விட்ச் தரையிலிருந்து 90 முதல் 110 செ.மீ.க்குள். பிளக் பாயிண்ட் 45 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம், குனிந்து நிமிர்வதில்தான் தலைசுற்றல் வருகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, அறை வாசலில் ஒன்று என்று ஒரே விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச் கேளுங்கள்.

கேள்வி: சுவரில் துளை போடாமல், ரப்பர் கப் வைத்து உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற கைப்பிடிகள் கிடைக்கின்றனவே. பாத்ரூமுக்கு வாங்கலாமா?

வேண்டாம். இன்று இறுக்கமாக ஒட்டும், நாளை எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. துண்டு தொங்கவிடும் கம்பியும் அதே ஜாதிதான். ஒழுங்கான பிடிமானக் கம்பி 110 கிலோவுக்குக் குறையாத பாரத்தைத் தாங்க வேண்டும். வீட்டில் யாரும் அவ்வளவு எடை இல்லையே என்பீர்கள். விழப்போகிறவர் கம்பியில் மெதுவாகத் தொங்குவதில்லை, வெடுக்கென்று இழுக்கிறார். கம்பியின் பருமன் 32 முதல் 38 மில்லிமீட்டர், கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற அளவு. சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 4 செ.மீ. இடைவெளி போதும். அதிகமானால் வழுக்குகிற முன்கை உள்ளே சறுக்கி மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. நடையில் தள்ளாட்டம் இருக்கிறது. கம்பி வைக்கலாம் என்றால், "நான் நோயாளி இல்லை" என்று கத்துகிறார். அவர் வெளியே போயிருக்கும்போது ஆளை வைத்துச் செய்து முடித்துவிடலாமா? வீடு என் பெயரில்தான் இருக்கிறது.

தம்பி, வீடு உங்கள் பெயரில் இருக்கலாம். விழப் போகிற உடம்பு அவருடையது. அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். கௌரவத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தெரியாமல் செய்தால் தப்பான இடத்தில் வைப்பீர்கள்.

நான் வைத்தேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஆறு கம்பிகள், எல்லாம் அளவு பிசகாமல். வந்தவர் அதில் மூன்றைத் தொடவே இல்லை. பிடிவாதம் என்று நினைத்து நானும் பொரிந்து தள்ளினேன். ஒரு மாதம் கழித்து வெள்ளையடிக்கலாமா என்று சுவரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கதவு நிலையில் இடது பக்கம், இடுப்பு உயரத்தில் கை அழுக்கு. வாஷ்பேசின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அலமாரி மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு விரல். அவர் நடக்கும் வழி முழுவதையும் கையாலேயே வரைந்து வைத்திருந்தார். என் படத்தைவிட அது சரியான படம். மூன்று கம்பிகளையும் கழற்றி அந்த அழுக்கு இருந்த இடங்களில் வைத்தேன்.

அதனால் முதலில் அப்பாவின் கை அழுக்கைப் படியுங்கள். சுவரைத் துடைக்கச் சொல்லிவிடாதீர்கள், ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அப்புறம் அவரிடம் "கம்பி வைக்கட்டுமா" என்று கேட்காமல், "இங்கே கை வைக்கிறீர்களே, பிடிக்க வாட்டமாக ஏதாவது வேண்டுமா, எவ்வளவு உயரத்தில்?" என்று கேளுங்கள். உயரத்தை அவரே பென்சிலால் குறிக்கட்டும். தான் குறித்த இடத்தில் வந்த கம்பியை யாரும் நோயாளிக் கம்பி என்று திட்டுவதில்லை. வெள்ளி நிறக் கம்பிதான் வேண்டும் என்றும் இல்லை. நடையோரச் சுவரில் இடுப்புயரத்துக்கு நல்ல மரத்தில் ஒரு நீளச் சட்டம் ஓடினால் அது வீட்டுக்கு அழகு, பார்க்கிறவருக்குப் பிடிமானம் என்றே தோன்றாது.

கத்துகிறார் என்றீர்கள். அந்தக் கத்தலுக்குப் பின்னால் பயமும் இருக்கலாம். விழுந்துவிடுவோம் என்ற பயத்திலேயே நடையைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நடை குறைந்தால் தசை இளைக்கும், தசை இளைத்தால் இன்னும் சுலபமாக விழுவார்கள். வீட்டில் வைக்கிற ஒவ்வொரு பிடிமானமும் அவர் இன்னும் நாலு எட்டு அதிகம் நடப்பதற்காகத்தான் என்று சொல்லிப் பாருங்கள். தள்ளாட்டத்துக்குக் காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளை டாக்டரிடம் ஒருமுறை மொத்தமாகக் காட்டுங்கள். அது என் துறை இல்லை, ஆனால் என் துறையைவிட அது முக்கியம்.

கேள்வி: மாமியாருக்கு 74 வயது. கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்கிறார். ஆனால் அவர் வீடு இருட்டாக இருக்கிறது என்று ஓயாமல் புலம்புகிறார். எங்களுக்கு வெளிச்சம் போதுமானதாகத்தான் இருக்கிறது. சும்மா சொல்கிறாரா?

சும்மா சொல்லவில்லை அம்மா. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துத் தடிக்கிறது, வெளிச்சம் உள்ளே போகிற கண்பாப்பாவும் சுருங்குகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போகிறது. நீங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆனால் ஒரே வெளிச்சத்தில் இல்லை.

அதற்காக நடுக்கூரையில் ஒரு பெரிய விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அதே வயதுக் கண்ணுக்குக் கூச்சமும் அதிகம். பளபளக்கிற தரையில் அந்த விளக்கு பட்டுத் தெறித்தால் ஈரம் எது, தரை எது என்று தெரியாது. பல்பு நேரடியாகக் கண்ணில் படாத மாதிரி மறைத்த விளக்குகள் நாலைந்து, வெவ்வேறு இடங்களில். வாசிக்கிற நாற்காலிக்கும் சமையல் மேடைக்கும் தனித்தனி விளக்கு. ராத்திரிக்கு, கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் கணுக்கால் உயரத்தில் மங்கலான மஞ்சள் விளக்குகள், ஆள் அசைந்தால் தானாக எரிகிற வகை. விழித்த கண்ணில் திடீரென்று வெள்ளை வெளிச்சம் அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டியது தரை மட்டும்தானே.

இன்னொன்று, நிறம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்று பாத்ரூமை வைத்துவிட்டு அதைச் சுத்தம் என்கிறோம். மங்கிய கண்ணுக்கு அது பனிமூட்டம். கமோடு இருக்கை மட்டும் அடர்த்தியான நிறத்தில் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எங்கள் படிக்கட்டில் 16 படிகள். ஆளை உட்காரவைத்துப் படியோரமாக ஏற்றி இறக்குகிற மோட்டார் நாற்காலி, ஸ்டேர் லிஃப்ட், போடலாமா, வேண்டாமா? இப்போது இருவரும் ஏறி இறங்குகிறோம், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

ஏற முடிகிறவரை ஏறுங்கள். படிக்கட்டு ஒரு நல்ல உடற்பயிற்சிக் கருவி, காசில்லாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை முதலில் செப்பனிடுங்கள்.

ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். விளையாட்டில்லை, பதினாறையும். கால் முதல் இரண்டு படிகளில் ஓர் உயரத்தைப் பழகிக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்காமலே ஏறுகிறது. நடுவில் ஒரு படி ஒரு செ.மீ. கூடக் குறைய இருந்தால் அங்கேதான் தடுக்கும். பெரும்பாலும் கடைசிப் படியோ முதல் படியோதான் அப்படி இருக்கும், படி கட்டி முடித்த பிறகு தரைக்கு டைல்ஸ் போட்டதால். உயரம் 15 முதல் 17 செ.மீ.யும், கால் வைக்கிற அகலம் 28 முதல் 30 செ.மீ.யும் இருந்தால் நல்ல படிக்கட்டு.

இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஏறும்போது வலது கைக்குக் கிடைப்பது இறங்கும்போது இடது கைக்குப் போய்விடும். பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமானவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். கைப்பிடி கடைசிப் படியோடு நின்றுவிடக் கூடாது, 30 செ.மீ. தாண்டி ஓட வேண்டும். கம்பி முடிந்துவிட்டது, அதனால் படியும் முடிந்துவிட்டது என்று கை சொல்வதைக் கால் நம்பிவிடும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை. மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச்.

இருவரில் யாராவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுகிறீர்களா? இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகத்தான் படியைப் பார்ப்பீர்கள். அது வாசிப்பதற்கான பாதி, படி கலங்கித் தெரியும். தலையை நன்றாகக் குனிந்து மேல்பாதியால் பாருங்கள், அல்லது படிக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேர் லிஃப்ட் வாங்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இருக்கையில் தானாக உட்காரவும் எழவும் முடிகிறவருக்குத்தான் அது உதவும். வீல்சேரில் இருப்பவருக்கு உதவாது. அப்படி ஒரு நாளை நினைத்துச் செலவு செய்வதாக இருந்தால் கீழே ஒரு படுக்கையறை அமைப்பது மேல்.

கேள்வி: நான் இருப்பது வாடகை வீடு. உடைக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது. உங்கள் பத்தி எனக்கு எதற்கு?

கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் விழவைக்கிறவற்றில் பாதி சுவரில் இல்லை, தரையில் கிடக்கிறது. முனை சுருண்ட மிதியடி, குறுக்கே ஓடுகிற சார்ஜர் ஒயர், நடைவழியில் நிற்கிற சின்ன மேசை. இவற்றை எடுக்க வீட்டுக்காரர் அனுமதி தேவையில்லை.

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள். பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. பலருக்கு 45 முதல் 50 செ.மீ. உயரம் சரியாக வரும். தாழ்ந்திருந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் குழிவான கட்டை வையுங்கள். கமோடுக்கும் அதே கணக்கு. சாதாரணக் கமோடு 40 செ.மீ. அளவில் இருக்கும். மேலே வைக்கிற உயர இருக்கை வாங்கினால் 45, 48 ஆகிவிடும். இருபுறமும் கை வைத்துத் தானாக நிற்கிற சட்டம் இருந்தால் ஊன்றி எழலாம். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். குளிக்க ஒரு நாற்காலி, அடியில் ரப்பர் வைத்தது. பிளக்கில் செருகுகிற இரவு விளக்கு இரண்டு. தினமும் எடுக்கிற சாமான்களை முழங்காலுக்கு மேலும் தோளுக்குக் கீழும் உள்ள தட்டுகளுக்கு மாற்றுங்கள். ஸ்டூலில் ஏறுவது இன்றோடு நின்றது என்று உங்களுக்கு நீங்களே ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவருக்கு மறதி நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஆரம்பக் கட்டம்தான். அவருக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வீட்டையே புதுப்பிக்க மகன் துடிக்கிறான். செய்யட்டுமா?

மகனை அப்படியே நிறுத்துங்கள். மறதி உள்ளவருக்குப் பழைய வீடுதான் கைத்தடி. நாற்பது வருஷம் நடந்த வழியைக் கால் நினைவு வைத்திருக்கும், மனசு மறந்தாலும். மொத்தமாக மாற்றிவிட்டால் அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். தேவையான சிலவற்றை மட்டும், ஒவ்வொன்றாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். கட்டிலில் படுத்தபடி பார்த்தால் கழிவறை தெரிய வேண்டும். ராத்திரி அந்தக் கதவைத் திறந்து வைத்து உள்ளே சின்ன விளக்கு எரியவிடுங்கள். துணி அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கு நினைவிருக்க வேண்டியதில்லை. கறுப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள். சிலருக்கு அது பள்ளமாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார்கள். அடுப்புக்குத் தானாக அணைகிற ஏற்பாடு. வெந்நீர்க் குழாய்க்குச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற வால்வு. 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், 49 டிகிரியில் சில நிமிஷங்களாவது அவகாசம் கிடைக்கும்.

உங்களுக்கும் ஒரு நாற்காலி எங்காவது போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, நீங்கள் மட்டும் உட்காருகிற மாதிரி.

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று இதழாக முதுமை, விழுதல், கமோடு என்றே எழுதுகிறீர்கள். இளைஞர்களுக்கும் ஏதாவது எழுதக் கூடாதா?

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கணுக்கால் சுளுக்கினால், குழந்தை வண்டியைத் தள்ளினால், இரண்டு கையிலும் பையோடு கதவைத் திறக்க வேண்டியிருந்தால், நீங்களும் ஒரு நாளைக்கு என் வாசகர்தான்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் ஒன்பது வயதில் போலியோ வந்து வீல்சேருக்குப் போனவர். கட்டடக் கலை படிக்கும்போது கல்லூரி மாடிப்படிகளில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஊனமுற்றவர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று பிரிக்காமல், எல்லோருக்கும் பொருந்துகிற வடிவமைப்பு வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். அவரும் தோழர்களும் சேர்ந்து அதற்கு ஏழு விதிகளை 1997-ல் வகுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார். நீங்கள் இன்று முழங்கையால் தள்ளித் திறந்த கதவிலும் அந்த எண்ணம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு 72 வயது. தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் தொலைவில். இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. விழாமல் இருக்க நீங்கள் சொன்னதையெல்லாம் செய்துவிட்டேன். ஆனாலும் விழுந்துவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இதைப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். 65 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர் போல ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே விழுவதற்கும் வீட்டைத் தயார் செய்ய வேண்டும்.

விழுந்த அடியைவிட, எழ முடியாமல் கிடக்கிற நேரம் சில சமயம் அதிகக் கெடுதல் செய்யும். மணிக்கணக்கில் கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், அழுந்துகிற இடத்தில் புண் வரும், தசையே சிதையும். அதனால் முதல் வேலை, செய்தி போக வழி. கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டுகிற அவசரப் பொத்தான் இருந்தால் அதைக் குளிக்கும்போதும் கழற்றாதீர்கள், நனைந்தாலும் கெடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். பலர் அதை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு விழுகிறார்கள். செல்போனை மேசை மேல் வைத்தால் தரையில் கிடப்பவருக்கு அது எட்டாது. பாத்ரூமிலும் படுக்கையறையிலும் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு அடியுங்கள். போன், ஒரு போர்வை, மூடி சுலபமாகத் திறக்கிற தண்ணீர் பாட்டில்.

அடுத்தது, வருகிறவர் உள்ளே எப்படி வருவார்? உள்தாழ்ப்பாள் மேலும் கீழுமாக மூன்று போட்டிருந்தால் பூட்டை உடைப்பதற்குள் அரை மணி போய்விடும். சாவியால் வெளியிலிருந்து திறக்கிற பூட்டு ஒன்று போதும். நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவி. வாசலிலிருந்து உங்கள் கட்டில் வரை ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமிருக்கிறதா என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். முறிந்த இடுப்போடு. நடைவழியின் அகலம் நான் கொடுத்தது.

மூன்றாவது, எழுகிற பயிற்சி. வலி இல்லை, எலும்பு முறிந்த மாதிரி இல்லை என்றால் அவசரப்படாமல் ஒருக்களித்துப் படுங்கள். முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து, உறுதியான ஒரு நாற்காலிக்குப் போங்கள். இரண்டு கையையும் இருக்கையில் வையுங்கள். பலமான காலை முன்னால் ஊன்றி எழும்பி, திரும்பி உட்காருங்கள். இதை இப்போது, நன்றாக இருக்கும்போதே, யாராவது பக்கத்தில் இருக்க ஒருதரம் செய்து பார்க்க வேண்டும். எந்த நாற்காலி நகராது, எது வழுக்கும் என்பது அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டில் அழகுக்கு வைத்திருந்த நாற்காலி வழுக்கியது. அதை மாற்றிவிட்டேன்.

அம்மா இப்போது நடக்கிறார், வாக்கரோடு. வாசல் கல்லை உடைத்த அன்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா, இதை முதலிலேயே செய்திருக்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த இதழில் சமையலறை. வீட்டுப் படம் வரைந்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுங்கள். இந்த முறை வந்த பதினொரு படங்களில் எட்டில் பாத்ரூமுக்குக் கதவே இல்லை.